நஸ்ரினுக்குக் கொடுத்த வீடு

போன வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வராது. நான் தூங்கினால் டிரைவரும் தூங்கிவிடுவாரோ என்று ஒரு பயம். என்ன செய்ய... உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே!

புதுச்சத்திரம் தாண்டியதும், முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன் — கதீஜா!

ஏன் திரும்பிக்கொண்டார் என்று கேட்க வேண்டியதில்லை. அவர் வீடு இருந்த இடம் அது. இப்போது நாலு வழிச் சாலை. நாங்கள் உட்கார்ந்திருந்த பஸ் அவருடைய அடுப்படி மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் பஞ்சர் கடை போட்டது அந்த வீட்டுக்கு எதிரில். சின்ன வீடு. ஒரு கூடம், ஒரே ஓர் அறை, பின்னால் ஷீட் போட்ட அடுப்படி. கதீஜாவின் அத்தா மலேசியாவில் சம்பாதித்துக் கட்டியது. யாருக்கு? மகளுக்கு!

அவர்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. கல்யாணமானால் பெண் எங்கேயும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நகை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசிக்கொள்ளலாம். வீடு இல்லையென்றால் பேச்சே கிடையாது.

கதீஜாவின் கல்யாணத்தன்று அவருடைய அத்தாவும் உம்மாவும் அறையைக் காலி செய்து கூடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை சவுதியில் டிரைவர். லீவில் வருவார், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் கதீஜாவைக் கேட்டுத்தான் அடிப்பார். அந்த அறையில்தான் கண்ணை மூடினார்.

பிறகு மகள் நஸ்ரினுக்கு இர்ஃபான் என்ற பையனைப் பேசி முடித்தார்கள். கூடத்துக்கு வருவது இப்போது கதீஜாவின் முறை. பாய்கூட வாங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து நாலு பேர் டேப்போடு வந்து, முன்சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, இன்னாண்ணே இது?" கதீஜா நேரே என் கடைக்கு வந்து கேட்டார்.

"இடிக்கப் போறாங்கம்மா. ரோடு வருதுல்ல?"

"எதுவரைக்கும்?"

"வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும்."

வேறு யாராவது என்றால் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருப்பார்கள். கதீஜா முன்னால் இழுத்துவைத்தார்! வீடு நிற்கும்போதே மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டால் 'வீடு கொடுத்தாச்சு' என்று ஆகிவிடும் அல்லவா? இடிப்பதற்குள் நஷ்டஈடு வரும், வேறு வீடு வாங்கிவிடலாம் — இது அவருடைய கணக்கு.

நிக்காஹ் அன்று முன்சுவர் முழுக்கப் பச்சைத் துணி, மேலே மல்லிகைச் சரம். வந்தவர்கள் மல்லிகையைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் துணிக்குப் பின்னால் இருந்த நம்பரே தெரிந்தது. கடற்காற்று வேறு ஜாஸ்தி. ஒருதடவை துணி படபடவென்று தூக்க... ஓடிப்போய்ச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் பிரியாணி ஏப்பத்தோடு சிரித்தார். "பந்தலுக்குத் தூணு பத்தலியா மச்சான்? நீயே நிக்கிற!"

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

நஸ்ரினின் மருதாணி நகத்தை விட்டுப் போவதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. நஷ்டஈடும் வந்தது. அதை வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடிக்கத்தான் முடிந்தது. கவலைப்படுகிறவனுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. அவன் பயந்தது நடக்காவிட்டால் பைத்தியக்காரன், நடந்துவிட்டால் கருநாக்குக்காரன்!

மாப்பிள்ளையின் உம்மா வந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வூடு குடுத்தீங்களே... எங்க அது? எம்புள்ள ரோட்டுலயா படுப்பான்?" மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மருமகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். எப்படிப் போவாள்? அந்த வீடு இர்ஃபானின் தங்கைக்குப் போக வேண்டிய வீடு. அங்கே இருப்பதும் ஒரே ஓர் அறை!

சிதம்பரத்தில் இறங்கியதும் கதீஜா விடவில்லை. "வூட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுத்தான் போவணும்." போனேன். கூடத்தில் இர்ஃபான். ஜும்மா தொழுகை முடித்து வந்து, சாப்பிட்டு, கிளம்பத் தயாராகச் செருப்பில் காலை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ள, இங்கயே இருந்துட்டா என்ன?"

"வாடகை வூட்ல மாப்ள தங்கிட்டான்னு ஊர்ல பேச்சு வரும் மாமா. உம்மா தாங்க மாட்டாங்க." தலையைக் குனிந்துகொண்டான். "அதான் வாரா வாரம் வரேன்ல..."

உள்ளேயிருந்து நஸ்ரின் குரல் வந்தது. "ஆமா மாமா, ஜும்மா மாதிரி. வாரத்துக்கு ஒருவாட்டி வந்தா கடமை தீர்ந்துச்சு."

இர்ஃபான் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டான். நல்ல பையன்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அவன் போனபிறகு நஸ்ரின் டீ கொண்டுவந்தாள். வயிறு தெரிந்தது.

தெருமுனைவரை வழியனுப்ப வந்தார் கதீஜா. யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நானும் துவா கேட்டுக்கினுதான் இருக்கேன். நீங்க நடராசர் கோயிலுக்குப் போனா அங்கயும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. ஆம்பளப் புள்ளயா பொறக்கணும்."

"எதுவா இருந்தா என்னம்மா?"

"பொம்பளப் புள்ளன்னா, வூட்டுக்கு நா எங்க போவேன்?"

நஸ்ரின் பிறந்த அன்று, பெண் குழந்தை என்று சொல்லித் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தவர் இதே கதீஜா!