ஹார்ட் டிஸ்க் போகவில்லை

திண்டிவனத்தில் நான் நடத்தும் டைப்பிங் கடையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. புதியதில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போடுவேன். மற்றது பதினான்கு வருடப் பழையது. கடை திறந்த நாளிலிருந்து நான் தமிழில் அடித்த மனுக்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அது கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, முதல் எழுத்துகள் திரையில் வந்தன. பிறகு ஒரு நீலத்திரை மின்னி மறைந்தது. மறுபடியும் முதலிலிருந்து. பத்து முறை போட்டுப் பார்த்தேன், பத்து முறையும் அப்படித்தான்.

அன்றைக்கென்று கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டுமனைப் பட்டா கேட்டு ஐந்து வருடமாக என்னிடம்தான் மனு அடிக்கிறார். அவர் கையில் வைத்திருந்த நகல்கள் வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரில் கூழாகிவிட்டன.

"மொத மொத எப்போ மனு குடுத்தேன்னு தாலுகா ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. அந்த நகலு இருந்தாதான் பேசுவாங்களாம். செவ்வாக்கெழம வரச் சொல்லிக்கிறாங்க. உன் மிஷின்ல இருக்குமில்ல?"

"இருக்குக்கா. ஆனா மிஷினு ஒக்காந்துக்கிச்சி."

அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ எழுப்பும்மா," என்றார். எழுப்பிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். கூட்டேரிப்பட்டில் டிரைவர் போட்ட பிரேக்கில் அதன் மூலை தொடையில் குத்தி, இரண்டு நாள் நீலம் கட்டியிருந்தது.

சர்வீஸ் கடைக்காரர் ஒரே ஒரு முறை ஆன் செய்தார். நீலத்திரை மின்னியதும் அணைத்துவிட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போச்சு மேடம். காயலாங்கடைக்குப் போற பீஸு இது. புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க."

"தொறந்தே பாக்கலியே?"

"தொறந்து பாக்க இன்னா இருக்குது? சார் இருந்தா வரச் சொல்லுங்க. அவருகிட்ட சொன்னா புரிஞ்சிப்பாரு."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "கடை என்னுதுங்க. எங்க சாருக்கு இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது," என்றேன். போர்வையை எடுத்துச் சுற்றினேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் படி இறங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. சிபியுவைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த நாள்கள் நினைவுக்கு வந்தன. ஹார்டுவேர் வகுப்பென்றால் பையன்களை முன்னே கூப்பிட்டு ஸ்க்ரூ கழற்றச் சொல்வார்கள். பெண்கள் நாங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். நானும் கழற்றுகிறேன் என்று ஒரு நாள் எழுந்தேன். "கை அழுக்காயிடும், ஒக்காரும்மா," என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். கை அழுக்காவதற்கு எங்கள் வீட்டில் யாரும் பயந்ததில்லை. என் அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தவர். அதை அன்றே அந்த வாத்தியாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா பண்ணிக்கினு கீற? ஷாக்கு கீக்கு அடிக்கப் போவுது. இருக்கறதும் கெட்டுப் போச்சின்னா?"

"ஒயரப் புடுங்கிட்டேன். செத்துப் போச்சின்னுதான் அந்தாளு சொல்லிட்டாரே, செத்தத நான் இன்னாத்தக் கெடுக்கப் போறேன்?"

அவர் டீயை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஒயரை மாட்டி ஆன் செய்தபோது இப்போது முதல் எழுத்துகள்கூட வரவில்லை. நீளமாகக் கத்த மட்டும் செய்தது. கணவர் என் முகத்தைப் பார்த்தார். ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தது. ரேம் சரியாக உட்காராவிட்டால் இப்படிக் கத்தும் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருந்தேன். பஸ் குலுக்கலில் நகர்ந்திருக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கி, ரேமை வெளியே எடுத்து, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் அழித்துத் துடைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். கத்தல் நின்றது. எழுத்துகள் வந்தன. பிறகு அதே நீலத்திரை.

இந்த முறை முதல் எழுத்துகளை நிறுத்திப் படித்தேன். ஹார்ட் டிஸ்கின் பெயர் அதில் தெளிவாக இருந்தது. செத்த டிஸ்க் பெயர் சொல்லாது. தேதி மட்டும் பல வருடம் பின்னால் போயிருந்தது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாட்ச் கடையில் அதே பேட்டரி கிடைத்தது. போட்டேன். தேதியைச் சரிசெய்தேன்.

மறுபடியும் நீலத்திரை.

"விடும்மா, பேஜாரு," என்றார் கணவர்.

"நீங்க போங்க. நான் வர்றேன்."

அவர் போகவில்லை. நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறையும் மாறிவிடுமாம். பழைய விண்டோஸுக்குப் புது முறை புரியாது, நீலத்திரை காட்டிப் படுத்துக்கொள்ளும். விண்டோஸ் திறக்கும் முன்பே வரும் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஒரு வரியைப் பழைய முறைக்கு மாற்றி, சேமித்து வெளியே வந்தேன்.

நீலத்திரை வரவில்லை. விண்டோஸ் திறக்கும்போது வரும் பாட்டு வந்தது. "அடியேய்!" என்று கத்திவிட்டார் கணவர். என் கையெல்லாம் அழுக்கு. அப்படியே மவுஸைப் பிடித்தேன்.

முதல் வேலையாக எல்லா மனுக்களையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். அக்காவின் முதல் மனு, அடித்த தேதியோடு, அப்படியே இருந்தது. அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார்.

"வாங்கிக்கினாங்கம்மா. மொதல்ல அப்பிடி மனுவே வர்லன்னாங்க. தேதியக் காட்டுனேன். அதுக்கப்புறம் சீல் குத்திக் குட்த்தாங்க."

பட்டா இன்னும் வரவில்லை. போன வாரம் அக்கா அடுத்த மனு அடிக்க வந்தார். சேர்ந்து கையெழுத்துப் போட அவர் தெருவிலிருந்து பதினொரு பெண்கள் கூடவே வந்திருந்தார்கள். கடையில் உட்கார இடமில்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டு, நான் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படிக்கக் கேட்டார்கள். 'தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று வந்த இடத்தில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த எடுத்துடும்மா. கேக்கறோம்னு போடு."

எடுத்துவிட்டேன்.