ஒரே அச்சில் இரண்டு எடை

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் அக்காள் கணவரின் வள்ளம் புயலில் உடைந்தது. மிஞ்சியது ஒரு வீச்சுவலை. அதையும் உலரப் போட்டிருந்தபோது, விளிம்பின் ஒரு பாதியில் இருந்த ஈயமணிகளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மணி இல்லாத வலை தண்ணீரில் மூழ்காது. வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு வேளைதான் கஞ்சி.

நான் நகரத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அச்சுக்கோப்பவரிடம் கேட்டு, தேய்ந்துபோன ஈய எழுத்துகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். மச்சான் அவற்றை உருக்கி, பழைய மணிகளை வார்த்த மண் அச்சிலேயே ஊற்றினார். ஒவ்வொரு புது மணியையும் பழைய மணியோடு சேர்த்து விரலில் உருட்டிப் பார்த்தார். அளவு ஒன்றுதான். அறுந்த பாதியில் கோத்துக் கட்டினார்.

நான்கு நாள் கழிமுகத்தில் வீசினார். மீன் இல்லை. வலை சாய்ந்து விழுந்தது. மடவை மீன்கள் ஒரு பக்கமாகவே தப்பின.

"அண்ணாச்சி, வலை வீசுதியளா, வேட்டிய உதறுதியளா?" என்று கரையில் நின்றவன் கேட்டான்.

"என் கை போச்சுடே, மாப்ளே" என்றார் மச்சான் என்னிடம்.

எப்போதும் புது மணிகள் இருந்த பக்கமே பிந்தி இறங்கியதை நான் கவனித்திருந்தேன். மணிகளை நிறுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"வலைமணியத் தராசுல வச்சா வலை செத்துரும். எங்க அப்பன் காலத்துலயும் யாரும் வச்சதில்ல."

"பிள்ளையள் சாவாம இருந்தாச் சரி" என்ற அக்காள், அரிவாள்மணையில் நூலை அறுத்து, பழையதும் புதியதுமாக இருபத்துநான்கு மணிகளை என் கையில் திணித்தாள். "கொண்டு போ, தம்பி."

அலுவலகத்தில் கடிதம் நிறுக்கும் தராசில் வைத்தேன். பத்துப் பழைய மணிக்குச் சமமாகப் பத்துப் புது மணி நிற்கவில்லை, இன்னொன்று வேண்டியிருந்தது. அச்சுக்கோப்பவர் சிரித்தார். "எழுத்துன்னா சுத்த ஈயமா சார்? கெட்டியா இருக்க வேற உலோகமும் கலந்திருக்கும். அதான் லேசு."

நான்கு வருடம் அந்த எழுத்துகளின் நடுவே இருந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வேறு ஈயத்துக்கு வழியில்லை. மறுநாள் காலையில் மூவருமாக எல்லா மணிகளையும் அவிழ்த்து, பழையது ஒன்று புதியது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டினோம். மச்சான் ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கினார். முடிக்கும்போது உச்சிப்பொழுது. கழிமுகத்தில் நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசினார். வலை வட்டமாக விரிந்து, விளிம்பு முழுவதும் ஒன்றாக இறங்கியது. இழுத்தார். பாசியும், விரல் நீளத்தில் இரண்டு மடவைகளும்.

மறுபடி வீசினார். மறுபடியும். பாசிதான் வந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அந்த ஆழத்தில் கையை வீச முடியாது.

"போதும், ஏறி வாங்க" என்று அக்காள் கத்தினாள். "இன்னொரு வீச்சு" என்றார், திரும்பாமலே. வலையைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அதைவிட ஆழமான இடத்துக்கு நடந்தார்.