படத்தில் விழாத மணி

எங்கள் வீட்டு நாற்காலி தலைகீழாகக் கிடந்தால் மச்சான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். என் மனைவியின் அண்ணன். உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்து, கால்கள் பொருந்தியிருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் அதை நிமிர்த்தி உட்கார்ந்து, எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். என் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தலைகீழ் மாமா. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

மருத்துவமனைச் சாமான்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவர் வடிவமைப்பாளர். கட்டில், மருந்துத் தள்ளுவண்டி, சாப்பாட்டுப் பலகை என்று எதுவானாலும் அது எந்த உருவத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. டிசைனர் என்றால் சொந்தக்காரர்களுக்குத் துணிமணிதான் ஞாபகம் வருகிறது. என் பெரியம்மா ஒருமுறை ஜன்னல் திரைக்கு அளவெடுத்துத் தரச் சொன்னார். மச்சான் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். திரைக்கம்பியின் கொக்கி சரியில்லை என்று அதையும் மாற்றிவிட்டுத்தான் கிளம்பினார்.

வேலை தொடங்கினால் முதலில் சும்மா வேடிக்கை பார்ப்பார். நர்ஸ் எந்தக் கையால் வண்டியைத் தள்ளுகிறார், அப்போது இன்னொரு கை என்ன செய்கிறது என்று ஒரு மூலையில் நின்று கவனித்துக்கொண்டே இருப்பார். திருடன் என்று நினைத்துக் காவலாளி பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. பிறகு பால்பாயின்ட் பேனாவால் வரைவார். பென்சிலைத் தொட மாட்டார். "பென்சில்னா அழிக்கத் தோணும் மாப்ளே. அழிச்சுட்டா எங்க தப்புப் பண்ணோம்னே தெரியாம மறுபடி அங்கயே போய் நிப்போம்" என்பார். கோட்டின் மேல் கோடு விழுந்து காகிதம் கறுத்துப் போகும். அடுத்தது, தெர்மாகோலைவிடக் கெட்டியான வெள்ளை நுரைக்கட்டி. கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கையில் பிடித்துப் பார்க்க ஒரு மாதிரி செய்வார். புருவமெல்லாம் வெள்ளைத் துகளோடு அவர் கடைக்குப் போய் நிற்பதில் எங்கள் அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, ரொம்ப மனக்குறை.

கடைசியில்தான் கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்ததும் மச்சான் வேறு ஆளாகிவிடுவார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், விளிம்பில் எவ்வளவு மினுமினுப்பு, நிழல் எத்தனை நீளம் என்று மணிக்கணக்கில் இழைப்பார். இன்னும் பிறக்கவே பிறக்காத ஒரு பொருள் திரையில் போட்டோ எடுத்தது போல வந்து உட்காரும். போதாக்குறைக்கு முகத்தையே மூடும் பெரிய கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டால் கூடம் அவருக்கு மருத்துவமனை அறை. இல்லாத கட்டிலைச் சுற்றிவந்து, இல்லாத கதவைத் திறந்து, இருக்கிற கதவில் முட்டிக்கொள்வார்.

போன வருஷம் முழுக்க அவருக்கு ஒரே நினைப்பு, மணி. படுத்திருக்கும் நோயாளி நர்ஸைக் கூப்பிட அழுத்துகிற மணி. ஒயர் கிடையாது, கனம் கிடையாது, வெள்ளை வெளேரென்று வழவழப்பாக, உள்ளங்கையில் அடங்கும். சலவை செய்த விரிப்பின் மேல் அது படுத்திருக்கும் படத்தைப் பார்த்து முதலாளி சொக்கிப்போனார். அலுவலக வாசலிலேயே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அடுத்து பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அச்சில் கைவைத்துவிட்டால் அப்புறம் ஒரு நூல் கூட மாற்ற முடியாது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டிருந்தார். அக்காவைச் சோபாவில் படுக்கவைத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அதற்கு முந்தின வருஷம் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர் அக்கா. மணி தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றார். எட்டுகிறதா? எட்டுகிறது. மச்சான் எங்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். அக்கா முழங்காலை மடக்கினார், நீட்டினார், கையை வீசிப் பார்த்தார்.

"இது ஏன் கீழ விழவே மாட்டேங்குது?"

"அது எப்படி விழும்? வச்ச இடத்துலதான் இருக்கும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ஆஸ்பத்திரில இருந்தது விழுந்துச்சே."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் முடிந்த மறுநாள், மச்சான் சாப்பிடப் போயிருந்த நேரம். போர்வையை இழுத்ததும் மணி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. குனிந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிட்டும் யார் காதிலும் விழவில்லை. மச்சான் திரும்பி வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மச்சான் கேட்டதற்கு, "அதான் வந்ததும் தண்ணி குடுத்தீங்களே, அப்புறம் என்னத்தச் சொல்றது" என்றார்.

மச்சான் நுரைக்கட்டியில் செய்திருந்த மணியை எடுத்துவந்து ஒரு போர்வையின் மேல் வைத்து, முழங்காலை உயர்த்தினார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் உலகத்தில் நாமாகத் தள்ளச் சொன்னால் ஒழிய எதுவும் விழாது. அது அவருக்குத் தெரியாததில்லை. படம் அழகாக வந்த மயக்கத்தில் மறந்துபோயிருந்தார். "மணின்னா கூப்பிடறதுக்கு. நான் போட்டோவுக்கு போஸ் குடுக்கிற மணியைச் செஞ்சு வச்சிருக்கேன் மாப்ளே" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வருஷத்து உழைப்பு. முதலாளி பத்துப் பேரிடம் பெருமையடித்த சாமான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே, வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று என் மனைவி அண்ணனிடம் கெஞ்சாத குறை. மச்சானும் சண்டைக்காரர் இல்லை. வரிசையில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால் வழிவிட்டு நிற்கிற ஆள். நானாக இருந்தால் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு லேப்டாப் கொண்டுபோகவில்லை. ஒரு போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். முதலாளியைச் சாய்வு நாற்காலியில் சாயச் சொல்லி, போர்த்திவிட்டு, மடியில் மணியை வைத்து, காலைக் கொஞ்சம் மடக்கச் சொன்னாராம். மணி தரையில் விழுந்தது. எடுக்கப் போன முதலாளியின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"குனியக் கூடாது சார். உங்க வயித்துல தையல் இருக்கு. இப்ப நர்ஸைக் கூப்பிடுங்க."

 முதலாளி, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே, இனி தாமதமானால் உன் தலையில்தான் விடியும் என்று கத்தியிருக்கிறார். ஆனால் அச்சு வேலையை நிறுத்திவிட்டார். வாசலில் மாட்டிய படத்தை மட்டும் கழற்றவில்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றாராம்.

போன வாரம் போயிருந்தபோது புதிய மாதிரி தயாராக இருந்தது. குண்டாக, சொரசொரப்பாக, வாலில் ஒரு துணி வளையத்தோடு. என் மனைவி, என்ன அண்ணா, பார்க்கச் சகிக்கவில்லையே என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். மச்சான் தலையாட்டினார். கேட்காமலேயே அக்கா சோபாவில் படுத்து, வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, போர்வையை வேண்டுமென்றே உதைத்தார். மணி விளிம்பைத் தாண்டி விழுந்து, கையிலிருந்து தொங்கியது. தலையைக்கூடத் திருப்பாமல் அதை இழுத்து அழுத்தினார்.

வெறும் நுரைக்கட்டி. அதில் சத்தம் வராது. சமையலறை வாசலில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த மச்சான், சட்டென்று உள்ளே போய் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அக்கா அப்போதுதான் காப்பி குடித்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, தம்ளரை வாங்கி, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.