பொதுவரப்பில் ஒரு லைன்

வனிதா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தால் நாற்காலியைத் தேடமாட்டாள், சுவரைத் தேடுவாள். முதுகைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டுதான் பேசுவாள். நான்கு வருடம் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்வந்ததன் பலன் அது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோவைக்கு இன்னொரு பஸ், சாயங்காலம் அதே வழியில் திரும்பி வரவேண்டும். போக வர நாலரை மணி நேரம். மருத்துவமனை பில்களுக்குக் குறியீடு போடும் வேலை. அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள், கூடவே இடுப்பு வலியையும் வாங்கினாள். இனியும் பஸ்ஸில் அலைந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டாள். கணவன் சந்துரு காய்கறி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நான்கு நாள் ரோட்டில் இருப்பவன்.

இந்த ஏப்ரலில் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. வேறொரு கம்பெனி, அதே வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் மொபைல் நெட் ஆகாது, கேபிள் வழியாக வரும் இணைப்புதான் வேண்டும். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை சோதனை. நடுவில் லைன் போனால் வேலை அடுத்த ஆளுக்கு. என் கடையில்தான் நெட் இருக்கிறதே, இங்கே உட்கார்ந்துகொள் என்றேன். நோயாளிகளின் விவரம் என்பதால் கதவு சாத்திய அறையில்தான் பார்க்க வேண்டுமாம். என் கடைக்குக் கதவே கிடையாது, ஷட்டர்தான்.

அவள் வீடு ரோட்டை விட்டு உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. அடுக்களையில் நின்றால் போனில் தமிழ்நாட்டு டவர், கிணற்றடியில் நின்றால் கேரள டவர், நடு அறையில் இரண்டும் இல்லை. முதலில் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கேபிள்காரரிடம் போனாள்.

"உங்க ஊடு கேரளாவுல வருதுங்க. எல்லை தாண்டி நாங்க ஒயரு இழுக்க முடியாதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கேரளப் பக்கத்துக் கொல்லங்கோட்டுக் கேபிள் ஆபீசுக்கு ஐந்து முறை போன் செய்தாள், இரண்டு முறை நேரில் போனாள். இத்தனைக்கும் பிறகு கபிரியேல் என்ற லைன்மேன் வந்து கம்பங்களை எண்ணிப் பார்த்தார்.

"சேச்சி, கடைசி போஸ்ட் அந்தப் பெரிய கேட்டுகிட்ட நிக்குது. அங்கேருந்து அவரோட ஸ்தலம் வழியாத்தான் வரணும். அவர் சம்மதிச்சா ஒரு நாள் வேலை."

அந்தப் பெரிய கேட்டுக்குச் சொந்தக்காரர் ரத்தினசாமி, சந்துருவின் கூடப் பிறந்த அண்ணன். ஆறு வருடத்துக்கு முன் பொதுக் கிணற்றில் மோட்டார் போடுவது யார் முறை என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் இருக்கும் பொதுவரப்பில் ஆறு வருடமாக யாரும் மம்பட்டி வைக்கவில்லை. ஒருவர் செதுக்கினால் 'என் பக்கம் ஒரு விரக்கடை தின்னுட்டான்' என்று மற்றவர் சொல்லிவிடுவாரே என்ற பயம். புல் முழங்கால் உயரம் மண்டிக் கிடந்தது. நெல் போடுகிறவர்களுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது.

வனிதா மூன்று நாள் யோசித்துவிட்டுத் தனியாகப் போனாள். திரும்பும் வழியில் நேரே என் கடைக்கு வந்து சுவரில் சாய்ந்தாள்.

"கேட்ட ஒடனே சரின்னுட்டாருங்க்கா. மோர் குடிக்கச் சொன்னாரு. அப்பறம் ஆறு வருஷம் எதுக்குங்க்கா?"

அவள் முகத்தில் சந்தோஷமில்லை, களைப்புதான் தெரிந்தது.

தென்னையில் கட்டவேண்டாம் என்று மட்டும் ரத்தினசாமி சொல்லியிருந்தார். கள் இறக்குகிறவர்கள் தினமும் ஏறுகிற மரங்கள், மட்டை விழுந்தால் ஒயர் அறுந்துபோகும், என் வயலுக்குள் இருக்கும் வரப்பில் புதைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல யோசனைதான். வனிதாதான் அதைக் கேட்கவில்லை. அவர் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன நாளில் கபிரியேல் வேலைக்கு வந்தார். அவரைக் கூட்டிப்போய்ப் பொதுவரப்பைக் காட்டினாள்.

"அவரு மண்ணுல ஒரு சாண்கூட நமக்கு வேண்டாங்க. நாளைக்கு ஒரு சொல்லு வந்துரும். இதுன்னா யாரும் தொடமாட்டாங்க" என்றாளாம்.

அவள் கணக்கு தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆறு வருடம் மம்பட்டி படாத மண்ணைவிடப் பத்திரமான இடம் எங்கே இருக்கிறது? புல்லைக் கிளறிச் சாண் ஆழத்தில் ஒயரைப் புதைத்து, மேலே புல்லை இழுத்து மூடினார்கள். ரத்தினசாமியிடம் எந்த வரப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. நெட் வந்துவிட்டது. ஒரு வாரம் ராத்திரி பகலாக ஓடவிட்டுப் பார்த்தாள், ஒரு முறைகூட நிற்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். ஒன்பது மணிக்குச் சோதனை தொடங்கியிருக்கிறது. இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. நாற்பது பில் தந்ததில் முப்பத்தொன்றை முடித்திருக்கிறாள். பத்து நாற்பதுக்குத் திரை அப்படியே நின்றுவிட்டது. ஒயர் வரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கி மாட்டினாள். மறுபடியும் சிவப்பு. கதவைத் திறந்து வரப்புப் பக்கம் ஓடினாள்.

பொதுவரப்பில் ரத்தினசாமி நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தலையில் கட்டி, மேலெல்லாம் வேர்வை. காத்தாலேயே வந்து ஒற்றை ஆளாக முக்கால் வரப்பைச் செதுக்கிவிட்டார். இரண்டு பக்கமும் சேறு பூசிப் பளபளவென்று இருந்தது. அறுபத்திரண்டு வயது அவருக்கு.

"பாரு அம்மிணி, காடாக் கெடந்துச்சு. நீ ஊடு தேடி வந்து பேசுன பொறவும் இதை இப்படியே உட்டா நல்லாருக்குமா? சந்துரு வந்து பாக்கட்டும்" என்றார்.

அவர் காலடியில் கறுப்பு ஒயர் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ வேர் என்று நினைத்து வெட்டியிருக்கிறார்.

"மாமா, ஒயரு அந்துபோச்சுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனதாம். புரிந்ததும் மம்பட்டியைப் போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். எங்கோ கம்பத்தின் மேல் இருந்த கபிரியேலைக் கீழே இறக்கிப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். ஒன்றரை மணிக்கு லைன் சரியானது. அதற்குள் போனிலிருந்து இவள் கம்பெனிக்கு எழுதிப் பார்த்துவிட்டாள். கிணற்றடியில் நின்றபடி பதிலையும் படித்துவிட்டாள். இரண்டே வரி. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம், நன்றி.

ரத்தினசாமி வாசலில் நின்று, "ஆபீசுல என்ன சொன்னாங்க அம்மிணி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் இல்லீங் மாமா. லைன் வந்தப்பறம் மிச்சத்தைப் பண்ணச் சொல்லீட்டாங்க."

இதைச் சொன்னபோதுதான் அவள் என் கடையில் அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போதே போய் அந்த மனுஷனிடம் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாங்க்கா. தெரிஞ்சா அந்த மனுசன் மறுக்கா மம்பட்டியே தொடமாட்டாரு. தப்பு எம்மேலயும் இருக்குது. அவரு காட்டுன வரப்புல போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எனக்குப் பேசித் தீக்கத் தெம்பு இல்லீங்க்கா."

சந்துருவிடம் சொன்னாள். அவனும் அதை அண்ணன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து மீதி வரப்பைச் செதுக்கி முடித்தார்கள். அவள் வேறு வேலை தேடுகிறாள், இதுவரை கிடைக்கவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் வீட்டு நெட்டுக்கு ஈடான நெட் இல்லை என்று கபிரியேல் போகிற இடமெல்லாம் சொல்கிறார்.

போன வாரம் ஒரு வேலைக்கு அனுப்புவதற்காக அவள் சான்றிதழ்களை நகலெடுத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இனியும் இதை மறைப்பது சரியில்லை, வழியில் ரத்தினசாமியைப் பார்த்தால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். வாசலில் நிற்கும்போதே ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வனிதா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வரப்பில் காலடிச் சத்தம் கேட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேசைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய பில் ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள்.

ரத்தினசாமி வரப்பு முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்தின் மேல் இருந்த கள் இறக்குகிறவர் ஏதோ சத்தமாகக் கேட்க, கையை அசைத்து அடக்கினார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"மெதுவாப் பேசுங்க. உள்ள அம்மிணிக்கு ஆபீசு நடக்குது" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி.

"சரிங்க" என்றேன், மெதுவாகவே.