சாமித்தம்பி அதிபரின் ஊதாப்பூ மரம்

விவசாயப் போதனாசிரியராக நான் வேலை செய்த கடைசி வருடம் அது. மாங்கேணியில் கச்சான், அதாவது நிலக்கடலை, செய்கிறவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். போன் விடாமல் அடித்தது. கல்லடியிலிருந்து சாமித்தம்பி அதிபர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருடமானாலும் ஊருக்கு அவர் அதிபர்தான். அவருக்கும் ஊரில் எல்லோரும் மாணவர்கள்தான்.

"மிஸ், எங்கட வளவுல மாமரத்துக்குக் கீழ ஒரு பூமரம் தானா வளந்து கிடக்கு. ஊதாப் பூ. அதுக்கு என்ன பேர்?"

"பாக்காமச் சொல்லேலாது சேர். படம் எடுத்து அனுப்புங்க."

முதல் படத்தில் பாதி அவருடைய பெருவிரல். இரண்டாவதில் பூவை மட்டும் பிடுங்கிச் சாமித் தட்டில் வைத்திருந்தார். மூன்றாவதில் அவரே நின்றார். மரம் அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. 'இலை, பூ, காய் மூன்றும் தெரிய ஒரு கொப்பைப் படம் எடுங்கள்' என்று எழுதினேன். பதிலுக்கு ரோசாப்பூ போட்ட காலை வணக்கம் வந்தது.

அடுத்த நாள் போனில் உள்ள ஏதோ செயலியிடம் கேட்டிருக்கிறார். அது மூன்று பெயர்களைச் சொன்னதாம். மூன்றில் அவருக்குப் பிடித்தது நொச்சி.

"நொச்சிக்கு ஒரு காம்பில மூணு, அஞ்சு எண்டு இலை வரும் சேர். உங்கட மரத்தில காய் மஞ்சளாக் குலைகுலையாத் தொங்குதெண்டு நீங்கதானே சொன்ன. அது நொச்சி இல்ல."

"அப்ப என்ன?"

"தெரியாது."

"பேர் தெரியாத போதனாசிரியரை இப்பதான் பாக்கிறன்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதற்குப் பிறகு வயலில் நின்றாலும் கூட்டத்தில் இருந்தாலும் அவருடைய அழைப்பு வரும். பாதியை நான் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் நகரத்தில் ஒரு கூட்டம். இடைவேளையில் எடுத்தேன்.

"மிஸ், பேர் கிடக்கட்டும். இந்தக் காயை எத்தின நாளைக்கு அவிச்சுக் குடிக்கலாம்?"

"ஆர் குடிக்கிற?"

"என்ட மனிசி நேசம்மாதான். சீனி வருத்தம், அதான் நீரிழிவு, அதுக்கு நல்லமெண்டு பக்கத்து வீட்டில சொன்னவங்க. முந்தநாள் துவங்கினவ. இண்டைக்குச் சத்தியெடுத்துப் போட்டுப் படுத்துக் கிடக்கிறா. அது மருந்து வேலை செய்யிறதுதானே?"

"உடனே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. நான் வாறன்."

மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து அவர் வளவுக்குப் போய், ஒரு கொப்பை முறித்துப் பையில் போட்டுக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். வாந்தியெடுத்துக் களைத்திருந்த நேசம்மாவுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் ஓர் இளம் பெண்.

"இது என்ன மரம்?"

"தெரியாது டொக்டர்."

"நீங்க விவசாய மிஸ் எண்டு சொன்னாங்களே?"

முப்பது வருட வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. வேறொரு உத்தியோகத்தரிடம் கேட்கலாம் என்று கொப்பை வெளியே கொண்டுவந்து, மதிலில் வைத்துப் படம் எடுத்தேன். அங்கே பெரிய கத்தரிக்கோலால் வேலி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இத ஏன் மிஸ் படம் எடுக்கிறீங்க? நான் வெட்டுற மரம்தானே இது."

"உங்கட வேலி மஞ்சள் இலையெல்லோ?"

"நிழலுக்குள்ள நிண்டா பச்சையாகிரும். வெட்டாம விட்டா இப்பிடித்தான் பூத்துக் காய்க்கும். நாங்க பூக்க விடுறதில்ல."

டுரண்டா. எத்தனையோ பள்ளிக்கூட வேலிகளுக்கு நானே கன்று கொடுத்த மரம். வெட்டிய நிலையில் மட்டும் பார்த்துப் பழகியதால் பூவோடு கண்டபோது தெரியவில்லை. காய் நஞ்சு என்பது தெரியும். உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். டொக்டர் போனில் யாரிடமோ பேசிவிட்டு, நேசம்மாவை வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்து வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அதிபர் நேசம்மாவின் கட்டில் ஓரத்தில் ஒடுங்கிப்போய் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"அப்ப நொச்சி இல்லைத்தானே மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இனி நீங்க ஒரு மரத்துக்கும் பேர் கேக்கத் தேவையில்ல" என்றார் நேசம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்து நாளும் நான் அவரிடம் படம் கேட்டேன். இலை கேட்டேன், காய் கேட்டேன். அந்தப் பேர் எதற்கு என்று ஒரு தரமும் கேட்கவில்லை.