ஐந்து நாளாகியும் மஞ்சளாகாத குப்பி

காலை ஏழு மணிக்குப் புது தில்லி ஸ்டேஷனில் இறங்கினேன். யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் எனக்கில்லை. கிட்வாய் நகருக்கு அறுபது ரூபாய் கேட்ட ஆட்டோக்காரரை, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் பத்து கிலோமீட்டரும் சந்தேகப்பட்டுக்கொண்டே போனேன். மனிதர் சுற்றாமல்தான் கொண்டுவந்து விட்டார்.

என் தங்கை வசந்தாவுக்குப் புற்றுநோய். ரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் டி செல்களைப் பிரித்து, வளர்த்து, திரும்ப ஏற்றிக் குணப்படுத்துவதாகத் தில்லி கிளினிக் ஒன்று கடிதம் போட்டிருந்தது. அவளைத் திருச்சியிலிருந்து ரயிலில் அலைக்கழிக்குமுன் நானே பார்த்துவிட வந்தேன்.

பத்து மணி. நான் தங்கிய தம்பி வீட்டுக்கு எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் மீனாட்சி, இந்தச் செல்களை வைத்தே ஆராய்ச்சி செய்பவர். தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். ஒரு குப்பியில் செல்களை வளர்க்கும் இளஞ்சிவப்புத் திரவம். பக்கத்துக் குப்பியில் அதே திரவம் மஞ்சளாக இருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றேன்.

"இல்ல சார், அதுதான் நல்லா இருக்கு. எதிரியைக் காட்டி உசுப்பிவிட்டா டி செல் சர்க்கரைய அள்ளித் தின்னும், அமிலத்தை வெளிய விடும். மூணு நாலு நாள்ல மஞ்சளாயிடும், புதுத் தண்ணி மாத்தினாத்தான் திரும்பச் சிவப்பாகும். உசுப்பலேன்னா சும்மா கெடக்கும், நிறம் மாறாது."

"இதை நோயாளிக்கு ஏத்தினா?"

"கட்டியும் அதே சர்க்கரையத்தான் தின்னுது. உள்ள போற செல் பட்டினியில ஓஞ்சுபோகுதோன்னு சந்தேகம். எலியில பாத்துட்டிருக்கோம். மனுஷனுக்கு இன்னும் எங்ககிட்ட இல்ல சார்."

மூன்றரை மணிக்குக் கிளினிக். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தில்லியில் பிறந்த தமிழர்.

"டென்ஷனே வேண்டாம் சார். இது இன்னொரு பேஷன்ட்டோட செல். அஞ்சு நாளா வளருது, ஃபுல் பவர்," என்று ஒரு குப்பியை என் கையில் கொடுத்தார்.

"நடுவுல தண்ணிய மாத்தினீங்களா?"

"பில்குல், சுத்தமா இல்ல சார்! சீல் பண்ணதுலேர்ந்து ஒரு கை படல," என்றார் பெருமையாக.

குப்பி நல்ல இளஞ்சிவப்பு. பொய்யைக் கண்டுபிடித்தால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். அன்று வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், துளி மஞ்சளாவது தட்டாதா என்று.

ஐந்தரைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வசந்தாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, டிக்கெட் எடுக்கச் சொல்லவா?"

"வேண்டாம்மா."

"நீ எதைத்தான் நம்பியிருக்க?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ரயில் ஏறினேன். திருச்சியில் அவளுக்கு அந்த நிறத்தைப் பற்றி விளக்கிவிடலாம். அந்தக் குப்பியை நம்ப நான் பட்ட ஆசையை எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.