டயருக்குள் ஒரு சிவப்புப் பட்டை

1. முதல் நாள்

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ரீபில்ட் தொழிற்சாலை ஒன்று கண்டிக்கு வெளியே இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அம்மா கரி அப்பிய என் முகத்தைப் பார்த்து, "இதுக்குத்தான் கேம்பஸ் வரைக்கும் போனியா?" என்றார். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். ரப்பரில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக் படிப்பைப் பார்ப்பதில்லை. மூக்கு, காது, சோற்றுப் பார்சல் எல்லாவற்றிலும் இருக்கும். டயருக்குக் கறுப்பு நிறத்தையும் தேயாமல் ஓடும் பலத்தையும் கொடுப்பது அதுதான்.

2. யோசனை

எங்கள் கலஹா பாதையில் வழுக்கை டயரோடு பஸ் ஓடுவது புதினமில்லை. அம்மா மாதம் ஒருமுறை அதில்தான் பேராதனைக்குக் கிளினிக் போகிறார். அதனால் கார்பன் பிளாக்கை விட்டுவிட்டு, சிலிக்காவும் சிவப்புச் சாயமும் சேர்த்து ஒரு ரப்பர் கம்பவுண்ட் செய்தேன். அதை, ரோட்டில் உரசும் கறுப்பு டிரெட்டின் அடியில் மெல்லிய பட்டையாக வைத்தோம். டிரெட் தேய்ந்தால் சிவப்பு தெரியும். டயரை மாற்ற வேண்டும்.

எங்கள் முதலாளி ஹாஜியாருக்கு உடனே பிடித்துவிட்டது. "சிவப்பக் கண்டா எங்களுட்டத்தானே வரணும். நல்ல யாவாரம் தம்பி." நான் உயிரைப் பற்றிப் பேசினேன், அவர் வியாபாரத்தைப் பற்றிப் பேசினார். இரண்டுக்கும் ஒரே டயர் போதும் என்பதால் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

3. முறைப்பாடு

முதலில் வாங்கியவர் கலஹா பஸ் முதலாளி செல்வராஜ் அண்ணன். சில மாதங்களில் பின் டயரில் சிவப்பு தெரிந்தது. அவர் டயரைக் கொண்டுவரவில்லை, முறைப்பாட்டைக் கொண்டுவந்தார். சிவப்பு தெரிந்தால் ஏறக்கூடாது என்று நான் அம்மாவிடம் சொன்னதை அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொல்லிவிட்டாராம். இப்போது தோட்டத்துப் பெண்கள் குனிந்து டயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்களாம். அண்ணன் சிவப்பின் மேல் கறுப்புப் பொலிஷ் பூசியும் பார்த்திருக்கிறார். அடுத்த ஹோல்டில் பஸ் நிற்பதற்குள் அது ரோட்டில் தேய்ந்து போய்விட்டது.

"இன்னும் ஓடக்கூடிய டயருங்க ஹாஜியார். அது என்னைக் காட்டிக் குடுக்குது. ஒருத்தியும் ஏற மாட்டேங்கிறா."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில்தான் கிடந்தது.

"தம்பி, அந்த எச்சரிக்கைய கறுப்புல செய்ய ஏலாதா?"

கடிதத்தைப் பார்த்தேன். மாதாந்தம் அந்த பஸ்ஸில் ஏறுபவரையும் நினைத்துக்கொண்டேன்.

"ஏலும் ஹாஜியார். மத்த எல்லா டயர்லயும் அப்படித்தான் இருக்கு, யாரு கண்ணுலயும் படாம."

ஹாஜியார் ஜன்னல் வழியே வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளரை இழக்கப் பயந்து ஒரு வியாபாரி நின்றுபோகும் இடத்தில் நிற்காமல், "செல்வராஜ், டயரக் கழட்டுங்க. புது டிரெட் போட்டுத் தாரன்" என்றார். சிவப்புப் பட்டையோடுதான் போட்டோம். கடிதம் மறுவாரம் வந்தது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: எச்சரிக்கையை டயரின் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அதன் மேல் உட்காரப் போகிறவருக்கும் சொல்லுங்கள்.

போன மாதம் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டயர் நான் செய்தது என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை. குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கறுப்பாத்தான் இருக்கு. ஏறு."